காக்கியைத் தொட்டால் போகிற கை

இடது கை காக்கித் துணியை மேசையோடு அழுத்திப் பிடித்திருந்தது. வலது கை சாக்பீஸால் தோளிலிருந்து இடுப்பு வரை ஒரு கோடு இழுத்தது, இடுப்பருகே கோட்டைக் கொஞ்சம் வெளியே தள்ளி வளைத்தது, பிறகு கத்தரியை எடுத்தது. டேப் கழுத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. முன்துண்டு இரண்டு, முதுகு ஒன்று, கை இரண்டு, பை நான்கு. மேல் பையின் ஓரத்தில் பேனா செருக ஒரு சின்னப் பிளவையும் கை தானாகவே விட்டது. எதற்கு என்று யாரையும் கேட்கவில்லை.

கைகளின் சொந்தக்காரி கேட்டிருக்க முடியாது. அவள் வாயில் நான்கு குண்டூசிகள் இருந்தன. அன்று காலை அவளிடம் பேச வந்தவர்கள் எல்லாரும் தாங்களே கேட்டுத் தாங்களே பதில் சொல்லிக்கொண்டு போனார்கள்.

சந்தைக் கட்டடத்தின் பதினேழாம் எண் கடை அவளுடையது. வயது நாற்பத்தாறு. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களுக்கும் அவள் தையலக்காதான். ஆறு மாதத்துக்கு முன்பு சமூகக் கூடத்து மேடைக்குத் திரை தைத்துக் கொடுத்தாள். மாட்டிப் பார்க்கப் போன இடத்தில் ஒரு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. திரையின் அடிமடிப்பு சரியாக விழுகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்ப நினைத்தவள், வகுப்பு முடிகிறவரை ஏணியிலேயே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் பெயர் கொடுத்துவிட்டாள். 'சமூக மாற்றத்துக்கான நாடகம்', ஆறு மாதம், வாரத்தில் மூன்று மாலை.

வீட்டுக்காரர் பஸ் பணிமனையில் டயர் மாற்றுகிறவர். விஷயம் கேட்டதும் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டுக் கேட்டார்: "இந்த வயசுல நடிக்கப் போறியா?"

"இருபத்துநாலு வருஷமா உங்க அம்மாகிட்ட நடிச்சுக்கிட்டுதானே இருக்கேன். சர்டிபிகேட்தான் இல்லை."

உள்ளறையிலிருந்து மாமியார், "நானும் அப்படித்தான்டி," என்றார்.

டீச்சருக்கு அவள் மகள் வயதுதான் இருக்கும். அவர் சொல்லிக்கொடுத்த நாடகத்தில் வசனம் குறைவு, வேலை அதிகம். ஒரு பிரச்சினையை நடித்துக் காட்ட வேண்டும். எல்லாம் கெட்டுப்போகிற இடத்தில் கதை நிற்கும். பிறகு பார்க்கிறவர்களில் யாராவது 'நிறுத்துங்க' என்று சொல்லி மேடையேறி, கஷ்டப்படுகிறவருடைய இடத்தில் நின்று, வேறு வழி இருக்கிறதா என்று நடித்துப் பார்க்கலாம். ஒருவர் தோற்றால் அடுத்தவர். புத்திமதி சொல்ல யாரும் கிடையாது. கடைசித் தேர்வு, அவரவர் இடத்தில் அவரவர் பிரச்சினையை இப்படி நடத்திக் காட்டுவது.

தையலக்காவுக்குப் பிரச்சினையைத் தேட வேண்டியிருக்கவில்லை. சந்தையில் கடை போட்டிருக்கும் பெண்கள் முப்பத்தொரு பேர். பெண்கள் கழிப்பறை ஒன்று. அதில் பூட்டு ஒன்று, மூன்று வருடமாக. சாவி சந்தை மேற்பார்வையாளரிடம். வேண்டுகிறவர் முதல் நாளே மனு எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். நாளைக்கு எத்தனை மணிக்கு வரும் என்று இன்றைக்கே தெரிந்து எழுதுகிற உடம்பு யாருக்கும் இல்லை என்பதால் காலையில் வீட்டில் ஒரு வாய் தண்ணீர், அத்தோடு சரி. தையலக்கா நீர்க்கடுப்புக்காக இரண்டு முறை டாக்டரிடம் போய்விட்டாள். "தண்ணி குடிக்கிறீங்களாம்மா?" என்றார் டாக்டர். "குடிப்பேன் டாக்டர், கடை மூடினப்புறம்," என்றாள்.

மேற்பார்வையாளருக்குச் சந்தை வைத்த பெயர் 'விதிமுறை'. கெட்டவர் என்று சொல்ல முடியாது. யாரிடமும் ஒரு வாழைப்பழம்கூட வாங்கித் தின்றதில்லை. சிரிப்பதற்கும் ஒரு படிவம் இருந்திருந்தால் அதைப் பூர்த்தி செய்துவிட்டுச் சிரித்திருப்பார்.

வார விடுமுறை நாளில் சரக்கு இறக்கும் முற்றத்தில் நாடகம் போட அவரிடம் அனுமதி கேட்டபோது, அவர் கேட்டது ஒரே கேள்வி: "நாடகத்துக்கு விதிமுறை இருக்கா?"

இருந்தது. தையலக்கா வகுப்புக் குறிப்பிலிருந்து ஐந்து விதிகளை ஒரு தாளில் பார்த்து எழுதிக்கொண்டு போயிருந்தாள். அதில் நான்காவது: 'மேடை ஏறியவர் ஒரு முடிவு எட்டும் வரை இறங்கக் கூடாது.' டீச்சர் உண்மையில் சொன்னது, பாதியில் ஓடிவிடாதீர்கள் என்பதுதான். அளவு தெரியாத எதையும் தையலக்காவால் எழுத முடியாது. அதனால் அதற்கு ஓர் எல்லை வைத்திருந்தாள்.

அவர் தாளை இரண்டு தடவை படித்தார். முகம் மலர்ந்தது. "ஒழுங்கான நாடகம்," என்று சொல்லிக் கீழே முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டார்.

டீச்சர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தது ஒன்றே ஒன்று. "பதவியைக் காட்டுங்கக்கா, ஆளைக் காட்டாதீங்க. இது நம்ம ஆள்னு அடையாளம் தெரிஞ்சா, அவர் சண்டைக்கு வருவாரு. சாவி கதையே மறந்துபோகும்."

அதனால்தான் அதிகாரி வேடத்துக்கு மேற்பார்வையாளருக்கு எந்த விதத்திலும் ஒப்பாகாத குடை ரிப்பேர்க்காரரைப் பிடித்தாள். அவரே மடக்கிய குடை மாதிரிதான் இருப்பார். கழிப்பறைச் சாவி கேட்கிற பெண்ணாக வெங்காயக்காரி.

நாடகத்துக்கு முதல் நாள் ஒத்திகையில் குடைக்காரர் அதிகாரி வேடத்துக்காக அவள் தைத்த காக்கிக் கோட்டை மாட்டினார். கோட்டு அவரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு நின்றது.

"இன்னொரு ஆளையும் உள்ள விடலாம் போலிருக்கே," என்றாள் வெங்காயக்காரி.

"அக்கா, இதுல பேனா வைக்க ஓட்டை வேற. நான் என்னைக்குப் பேனா வச்சேன்?"

தையலக்கா அளவு நோட்டைத் திறந்தாள். மார்பு நாற்பத்திரண்டு. இடுப்பு நாற்பத்துநாலு. இடது தோள் அரை அங்குலம் இறக்கம். பன்னிரண்டு வருடமாக மேற்பார்வையாளருக்குச் சீருடை தைக்கிறவள் அவள்தான். சந்தையில் காக்கி போடுகிறவர் வேறு யாரும் இல்லை.

டீச்சர் நோட்டையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் சொன்னது ஒண்ணே ஒண்ணு."

"வேணும்னு செய்யல டீச்சர். காக்கியைத் தொட்டாலே கை அவருக்குத்தான் போகுது."

வேறு துணியும் இல்லை, நேரமும் இல்லை. முதுகுப் பக்கம் இழுத்துப் பிடித்துப் பதினாலு ஊக்குகள் குத்தினாள். முன்னாலிருந்து பார்த்தால் ஒப்பேறும்.

மறுநாள் பிற்பகல் முற்றம் நிறைந்திருந்தது. காலிப் பெட்டிகளைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார்கள். மேற்பார்வையாளர் அலுவலகத்திலிருந்து நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி முதல் வரிசையில் அமர்ந்தார். வெங்காயக்காரி சாவி கேட்டாள். குடைக்காரர், "மனு எங்க?" என்று கையை நீட்டினார். முதல் ஊக்கு தெறித்தது. "முதல் நாளே குடுக்கணும்னு தெரியாதா?" என்று கையை உதறினார். வரிசையாக ஐந்து தெறித்தன. கோட்டு மெல்ல அவிழ்ந்து, தன் சொந்த உருவத்துக்கு வந்தது. இடது தோள் அரை அங்குலம் இறங்கியதும் முற்றம் ஆளை அடையாளம் கண்டுகொண்டது. பின்வரிசையில் கிளம்பிய சிரிப்பு முன்வரிசைக்கு வருவதற்குள் செத்துப்போனது. எல்லாரும் நாற்காலியைப் பார்த்தார்கள்.

மேற்பார்வையாளர் எழுந்தார். "நிறுத்துங்க."

சாவி போச்சு என்று தையலக்கா நினைத்தாள்.

அவர் மேடையேறிக் குடைக்காரரை மேலும் கீழும் பார்த்தார். "நான் இப்படியா பேசுவேன்? மனுவை முதல்ல வாங்கணும். வாங்கிப் படிச்சுட்டுத்தான் திருப்பிக் குடுக்கணும். வாங்காமலே திருப்பிக் குடுக்க எனக்கு அதிகாரம் கிடையாது. கோட்டைக் கழட்டுய்யா."

கோட்டை வாங்கிப் போட்டுப் பித்தானை மாட்டினார். ஊற்றி வார்த்த மாதிரி உட்கார்ந்தது. யாரோ கைதட்டினார்கள்.

டீச்சர் தையலக்காவின் காதருகே வந்தார். "அக்கா, கஷ்டப்படுறவங்க இடத்துலதான் ஆள் மாறலாம். கஷ்டம் குடுக்கிறவர் இடத்துல மாறக் கூடாது."

"அவர் முகத்தைப் பாருங்க டீச்சர். அவர்தான் கஷ்டப்பட்டுப் போயிருக்காரு."

பிறகு ஒருவர் பின் ஒருவராகப் பெண்கள் மேடையேறினார்கள். முட்டைக்காரி கெஞ்சினாள். மனுவில் தேதி இல்லை என்றார். பழக்கடைக்காரி தேதி போட்டாள். கையெழுத்து இல்லை என்றார். பாத்திரக்கடை அண்ணி இரண்டையும் போட்டு, மேசையில் இருந்த ஃபிளாஸ்கிலிருந்து ஒரு டம்ளர் டீயும் ஊற்றி நீட்டினாள். ஃபிளாஸ்க் நாடகப் பொருள்தான். ஆனால் வெறும் ஃபிளாஸ்கைத் தூக்கினால் கை பொய் சொல்லும் என்று தையலக்கா நிஜ டீயே போட்டு வைத்திருந்தாள்.

"யார்கிட்டயும் எதுவும் வாங்கிக் குடிக்கிற வழக்கம் இல்லை," என்றவர், கொஞ்சம் யோசித்து, "நாடகம்னா பரவாயில்லை," என்று குடித்தார். குடித்துவிட்டு, "தங்கள் மனு நேத்தே வந்திருக்கணும்," என்றார்.

முற்றம் வெடித்துச் சிரித்தது. பன்னிரண்டு வருடத்தில் அவரைப் பார்த்து யாரும் இப்படிச் சிரித்ததில்லை. அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. ஒவ்வொருத்தியும் ஒரு டம்ளர் ஊற்றினாள். அவரும் ஒவ்வொன்றையும் குடித்து, ஒவ்வொருத்திக்கும் புதிதாக ஒரு காரணம் கண்டுபிடித்தார். ஏழு பேர் தோற்று இறங்கினார்கள்.

ட்ரையல் பார்க்க வந்து நிற்கிறவர்கள் எந்தக் காலில் பாரம் போடுகிறார்கள் என்று கவனித்துப் பழகியவள் தையலக்கா. அதனால் முதலில் கவனித்ததும் அவள்தான். பாரம் வலது காலுக்குப் போனது, இடதுக்கு வந்தது, மறுபடி வலதுக்குப் போனது. இடது தோள் இன்னும் ஓர் அங்குலம் இறங்கியது.

"சரிம்மா. நல்ல நாடகம்," என்று அவர் படியில் கால் வைத்தார். "நான் வர்றேன்."

"சார், நாலாவது விதி," என்றாள் தையலக்கா.

"என்ன நாலாவது?"

அவள் தாளை நீட்டினாள். அவர் படித்தார். தன் முத்திரையைப் பார்த்தார். படியிலிருந்து காலை எடுத்துக்கொண்டார்.

"விதிவிலக்கு ஏதாவது உண்டா?"

"எழுதல சார். நீங்களும் கேக்கல."

"அவசரம்மா," என்றார் தணிந்த குரலில்.

"எங்களுக்கும்தான் சார். மூணு வருஷமா."

வெங்காயக்காரி ஒரு வெள்ளைத்தாளை அவர் முன்னால் வைத்தாள். "மனு எழுதிக் குடுங்கய்யா. நாளைக்குப் பாக்கலாம்." இதில் அவள் நடித்தது எவ்வளவு என்று அவளுக்கே தெரியாது.

பழக்க தோஷத்தில் அவர் பேனாவை எடுத்தேவிட்டார். 'பொருள்' என்று எழுதினார். அதற்கு மேல் எழுத உடம்பு இடம் கொடுக்கவில்லை.

"முடிவுன்னா, யார் எடுக்கிற முடிவு?"

"மேடையில அதிகாரி நீங்கதானே சார்."

அவர் இடுப்புக் கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றினார். "பதினேழாம் நம்பர் கடையில தொங்கட்டும். சந்தை திறக்கிறதுல இருந்து மூடுற வரைக்கும்."

"எழுத்துல சார்."

"நாளைக்குத் தர்றேன்மா."

"நாளைக்குன்னா இன்னைக்கே எழுதணுமே சார்."

காலைப் பின்னிக்கொண்டு நின்றபடியே எழுதினார். தேதி போட்டார், கையெழுத்துப் போட்டார், பேனாவையும் அங்கேயே விட்டுவிட்டு இறங்கினார். முற்றத்தில் ஓடக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஓடினார்.

மறுநாள் கழிப்பறையைத் திறந்தபோது உள்ளே உடைந்த தராசுகளும் பதினொரு துடைப்பங்களும் இருந்தன. முப்பத்தொரு பேர் சேர்ந்து உச்சிவேளைக்குள் கழுவி முடித்தார்கள். தையலக்கா தையல் மிஷின் பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் பாட்டில் வைத்துக்கொண்டாள். தாகமில்லாதபோதும் குடித்தாள். டீச்சர் கோட்டுக்காக ஐந்து மதிப்பெண் குறைத்துத் தேர்ச்சி போட்டார். குறைத்தது நியாயம்தான் என்று அவளே சொன்னாள்.

நான்காம் நாள் மேற்பார்வையாளர் கடைவாசலில் வந்து நின்று, ஆணியில் தொங்கிய சாவியைப் பார்த்தார். பிறகு ஹேங்கரில் தொங்கிய கோட்டைப் பார்த்தார்.

"அது நாடகத்துக்குச் சொந்தமா?"

"நாடகம் முடிஞ்சுபோச்சே சார். அளவு உங்களுதுதான், பித்தான்தான் சும்மா பேருக்கு வச்சது. இருங்க."

அவள் பித்தான்களை அறுத்து எறிந்துவிட்டு, நல்ல பித்தானாக எடுத்து ஒவ்வொன்றையும் நான்கு தடவை சுற்றி முடிச்சுப் போட்டாள். ஊக்கு குத்திய இடங்களை நீவி இஸ்திரி போட்டாள். அவர் அதுவரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"அடுத்த நாடகம் எப்போ?" என்றார், தெருவைப் பார்த்துக்கொண்டே.

"தெருவிளக்கு பத்தி ஒண்ணு யோசிச்சிட்டு இருக்கோம்."

"அதுல அதிகாரி உண்டா?"

"உண்டு சார்."

"சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்," என்றார்.

அவள் கோட்டை முதுகோடு முதுகாக மடித்து, கைகளை உள்ளே செருகி, பழைய செய்தித்தாளில் சுற்றி நூலால் கட்டினாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அவர் கையில் கொடுத்தாள்.