சேகரண்ணனின் இடது கால்

மல்லிகா அண்ணியின் போன் வந்தபோது சேகரண்ணனின் பெடல் என் மேசையில் அக்குவேறு ஆணிவேறாகக் கிடந்தது. கடை திறந்த கையோடு அதைத்தான் பிரித்திருந்தேன். அண்ணி வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "இன்னிக்கு சாயங்காலம் ரெடியாயிடும்னு சொல்லுங்க அண்ணி." அண்ணி சொன்னார்: "அவரு பூட்டாரும்மா. டீ போட்டு வெச்சேன். நெஞ்சு வலிக்குதுன்னாரு. அவ்ளோதான்."

கடையை அப்படியே போட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். திருவொற்றியூரில் அவர் வீட்டு வாசலில் இறங்கிப் பணம் கொடுக்கும்போதுதான் பார்த்தேன், ஸ்குரூ டிரைவர் இன்னும் கையில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ராயபுரத்தில் என் கம்ப்யூட்டர் கடையின் பின்னறையில் கூடி, திரையில் விமானம் ஓட்டும் உங்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. துறைமுகத்திலிருந்து மாதவரத்துக்குக் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டியவர். துறைமுக வாசலில் வண்டிகள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும்போது பொழுதுபோகாமல் போனில் விமானம் ஓட்டத் தொடங்கி, கடைசியில் வீட்டு ஹாலில் பாதியை விமானமாக்கியவர். "க்யூவுல நின்ன நேரத்துக்கு நெசமாவே லண்டன் போயி வந்திருப்பேன் தங்கச்சி" என்பார். அந்தப் பொறுமையில் கால்வாசி எனக்கு இல்லை. உட்கார்ந்த இடத்தில் எனக்கு இருப்புக் கொள்ளாது. இந்தப் பத்தியை எழுதுவதற்குள்ளேயே எழுந்து போய் ஒருமுறை கடை ஷட்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.

பெடலைப் பர்மா பஜாரில் பழையதாக வாங்கியிருந்தார். விமானத்தின் வாலைத் திருப்புவதற்கான இரண்டு மிதிகள் அவை. இடதை மிதித்தால் இடப்பக்கம் திரும்பும், வலதை மிதித்தால் வலப்பக்கம். ஒருநாள் அதைத் துண்டில் சுற்றிக் குழந்தையைத் தூக்கி வருவதுபோல் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "லெஃப்ட்ல இழுக்குது. நேரா போவ மாட்டேங்குது. இன்னான்னு பாரு."

பிரித்துப் பார்த்தேன். நம் பக்கத்துக் கடற்காற்றும் கரித்தூளும் புகாத பொருள் எது. துடைத்து, சென்சாரை மாற்றி, என் கம்ப்யூட்டரில் மாட்டினேன். விமானம் கோடு போட்டது மாதிரி போனது. நீங்களே ஓட்டிப் பாருங்கள் அண்ணே என்று நாற்காலியை நகர்த்தினேன். அவர் உட்காரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவர் நம் பின்னால் நின்றுகொண்டுதான் இருப்பார், கவனித்திருப்பீர்கள். அது அவருடைய சட்டம். "ஒரு டிரைவர் சீட்ல இன்னொரு டிரைவர் உக்காரக் கூடாது. வண்டி கோச்சிக்கும்." எனக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. மெக்கானிக் எந்த சீட்டிலும் உட்காரலாமாம்.

மறுநாளே ஒரு வீடியோ அனுப்பினார். திரையை மட்டும் பிடித்திருந்தார். ஓடுபாதையின் நடுவில் கிளம்பிய விமானம் இடப்பக்கப் புல்வெளிக்குள் சாவகாசமாக இறங்கிக்கொண்டிருந்தது.

அவர் வீட்டுக்குப் போய் நான் ஓட்டினேன், நேராகப் போனது. அவர் ஓட்டினார், இழுத்தது. "மெக்கானிக்கைக் கண்டா வண்டிக்கு பயம்" என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போதுதான் சமையலறை வாசலில் நின்ற அண்ணி சொன்னார்: "அந்தமானுக்கு கூட்டினு போறேன், பக்கத்து சீட்ல வந்து உக்காருன்றாரு. கோணலா போற வண்டில நான் ஏற மாட்டேன். நேரா போவட்டும், வர்றேன்." அண்ணி விமானத்தில் ஏறியதே இல்லை. துறைமுகத்திலிருந்து அந்தமானுக்குக் கப்பல் கிளம்புவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து, ஒருநாள் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர். அண்ணன் ஏற்கெனவே தன் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு, அதற்குத் தலையணையும் வைத்திருந்தார். அதைப் பார்த்த பிறகு எனக்குத் தூக்கம் கெட்டது.

எஞ்சின் விசையைக் கூட்டக் குறைக்க இடது கைப்பக்கம் ஒரு லீவர் இருக்குமே, அதை நகர்த்தும்போதுதான் இழுக்கிறது என்று பிறகு கண்டுபிடித்தேன். காற்றாடி விமானம் வேகமெடுக்கும்போது இயல்பாகவே இடப்பக்கம் இழுக்கும், அதுதான் என்று அவருக்கு வகுப்பெடுத்தேன். ஜெட்டை ஓட்டினார், அதுவும் இழுத்தது. லீவரின் ஒயரும் பெடலின் ஒயரும் ஒன்றையொன்று கெடுக்கின்றன என்று முடிவுகட்டி எல்லா ஒயரையும் மாற்றினேன். அப்போதும் இழுத்தது. பெடலைத் தூக்கி முகத்துவாரத்தில் போடுங்கள் என்று கத்தினேன். அவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். "பேஜாராவாத. வண்டி ஒரு பக்கம் இழுக்குதுன்னா அது இன்னாவோ சொல்லுது. நமக்குத்தான் இன்னும் கேக்கல." பெடலை மறுபடி என்னிடமே விட்டுவிட்டுப் போனார். அதுதான் கடைசி.

காரியம் முடிந்த அன்று, பிரித்துப் போட்ட பெடலை மறுபடி பூட்டி எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கோளாறைக் கண்டுபிடிக்காமல் ஒரு பொருளைத் திருப்பிக் கொடுப்பது எனக்கு முள்ளாகக் குத்தியது. சொந்தக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணி என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். அண்ணி தன் தங்கைக்கு அனுப்புவதற்காகச் சமையலறை வாசலிலிருந்து எடுத்தது. அண்ணனின் முதுகு, திரை, மேசை, மேசைக்கு அடியில் வெறுங்கால்கள். இத்தனை நாளும் எல்லோரும் திரையைத்தான் பார்த்தோம்.

அவர் இடது கை லீவருக்குப் போகிறது. கை அதைத் தொடுவதற்குள் இடது கால் அழுந்துகிறது. லீவரைக் குறைக்கிறார், மறுபடி கால் அழுந்துகிறது. விமானம் புல்லுக்குள் போகிறது.

கிளட்ச். மனிதர் டிரெய்லரில் போலவே இடது காலை மிதித்து, விமானத்துக்குக் கியர் போட்டுக்கொண்டிருந்தார்.

துக்க வீடு என்பதையும் மறந்து சிரித்துவிட்டேன். பந்தியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணியிடம் விஷயத்தைச் சொல்லும்போது சிரிப்பு எங்கே அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணி ஆச்சரியப்படவே இல்லை.

"அந்தக் கால் தூக்கத்துல கூட சும்மா இருக்காதும்மா. மிதிச்சிக்கினே கெடக்கும். தலைகாணிய குறுக்கால வெச்சித்தான் நான் தூங்குவேன். என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

இடது மிதியைக் கொஞ்சம் மந்தமாக்கினால் போதும், கம்ப்யூட்டரிலேயே செய்துவிடலாம். டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. அந்தமான் வரை நேராகப் போயிருப்பார்கள்.

உறவினர்கள் கிளம்பிய பிறகு அண்ணி கேட்டார், "இப்போ மாட்டுனா ஓடுமா?" மாட்டினேன். அண்ணனின் நாற்காலியில் உட்காரத் தயங்கி நின்றேன். "நீ மெக்கானிக்கு. உக்காரலாம்" என்றார். அண்ணி தலையணையைச் சரிசெய்துகொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையை இடுப்பில் செருகி, இரண்டு கைப்பிடிகளையும் பற்றிக்கொண்டார். திரையில் மீனம்பாக்கத்து ஓடுபாதை நீண்டு கிடந்தது. லீவரை மெல்லத் தள்ளினேன். விமானம் நடுக்கோட்டில் ஆடாமல் அசையாமல் ஓடியது.

"நிறுத்தும்மா" என்றார் அண்ணி.

நிறுத்தினேன்.

"இது யாரோ ஓட்டுற மாரி கீது. அவரு ஓட்டுற மாரி ஓட்டு."

திரும்பவும் தொடக்கத்துக்கு வந்தேன். லீவரில் கை வைக்கும் முன் இடது காலை அழுத்தினேன். விமானம் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய்ப் புல்லில் இறங்கிக் குலுங்கி நின்றது. அண்ணி கைப்பிடியை விடவில்லை. "ஆங், இதான்" என்றார். "போ, இன்னோருவாட்டி போ."

அன்று மாலை முழுக்க நாங்கள் அந்தமானுக்குப் போகவே இல்லை.

பெடலும் இரண்டு நாற்காலிகளும் அண்ணி வீட்டில்தான் இருக்கின்றன. நான் கேட்டு வாங்கிக்கொண்டது அந்த வீடியோவை மட்டும். அதில் அவர் முகம் தெரியாது, முதுகும் கால்களும்தான். கடையில் வேலை ஓடாதபோது போட்டுப் பார்க்கிறேன். அவர் கை லீவருக்குப் போகும்போது, மேசைக்கு அடியில் என் இடது காலும் அழுந்துகிறது.