மருதமுனைக்குப் போன இடக்கால்

சாய்ந்தமருதில் பந்தடிக்காத பொடியன் கிடையாது. ஆனால் இடது மூலையிலிருந்து சுபியான் இடக்காலால் உள்ளே தூக்கிப்போடும் பந்தை எதிரணிக் கோல்காப்பாளரே வாய்பார்த்து நிற்பார். தேசிய அணியின் பயிற்சிக்கு ஒருமுறை கொழும்பிலிருந்து கூப்பிட்டார்கள். தங்கை ஹாஜறாவின் வீட்டுக்குக் கூரை போட்டு முடியவில்லை என்று அவன் கடலுக்குப் போய்விட்டான்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. ஆண் தங்கைக்குக் கட்டிக்கொடுத்துவிட்டு மனைவி வீட்டில் போய்க் குடியிருப்பான். சுபியானைத் தன் மகள் நதீராவுக்கு மாப்பிள்ளையாக எடுத்தவர் மருதமுனைக் கைத்தறி முதலாளி முகம்மது தம்பி ஹாஜியார். அங்குள்ள பந்தடிக் கழகத்துக்குப் பணம் போடும் போஷகரும் அவர்தான். மாப்பிள்ளையின் குணம் பற்றி ஒருவரிடமும் விசாரிக்கவில்லை, ஆட்டத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். மாடு வாங்குகிறவன்கூடப் பல்லையும் பார்ப்பான்.

ஹஜ்ஜுப் பெருநாள் இறுதியாட்டத்தில் மருதமுனைக்கு எதிரே நின்றது சுபியானின் பழைய அணி. அதில் பின்வரிசைக்காரன் அஸ்ஹர், ஹாஜறாவின் கணவன். சுபியான் கோல் போட்டதும் சொந்த ஊரே அவனைத் தூற்றியது. கொஞ்ச நேரத்தில் அஸ்ஹரின் பூட்ஸ் அவன் முழங்காலில் இறங்கியது. தவறுதலாகப் பட்டது என்றார்கள். நானும் பார்த்தேன். பந்து வேறெங்கோ கிடந்தது.

இனி விளையாட முடியாது என்று டாக்டர் சொன்னது ஹாஜியாரின் காதிலும் விழுந்தது.

"சுகப்படுமட்டும் ஒங்கட ஊட்ட போய் இரிங்க மருமகன். நானே வந்து கூட்டிட்டுப் போறன்," என்றார்.

உம்மா மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார். இருந்தது ஹாஜறாவின் வீடுதான். அவள் அண்ணனுக்குச் சோற்றுக்கோப்பையோடு கேற்றடிக்கு வந்தாள்.

"குற நெனைக்காதீங்க காக்கா. ஒங்களக் கண்டா இவருக்கு ஒரு மாதிரியா இரிக்காம்."

தான் கல் சுமந்து கட்டிய வீட்டின் வாசலில் நின்று தின்றுவிட்டு, கடற்கரையில் மீன்காரரின் ஓலை வாடியில் போய்ப் படுத்தான். நதீராவிடம் திரும்பிப் போகலாம் என்ற ஒரே நம்பிக்கை அவனுக்கு. ஹாஜியார் வாக்குக் கொடுத்திருக்கிறாரே. பாவி, அதை நம்பினான்.

அடுத்த பெருநாளுக்கு முன்பு ஒரு காலையில் ஹாஜியாரின் வேன் வாடிக்கு வந்தது. சுபியான் அவசரமாகச் சாரனை உதறிக் கட்டி, பையைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி ஓடினான்.

ஹாஜியார் இறங்கவில்லை.

"நதீராவுக்குத் தலாக்கச் செல்லிருங்க மகன். கழகத்து ஜேர்சியயும் தாங்க. புதுசா ஒரு பொடியனப் பாத்திரிக்கம். அவனும் இடக்கால்தான்."

சுபியான் இரண்டையும் கொடுத்தான். ஹாஜியார் ஜேர்சியை முகர்ந்து பார்த்து, நன்றாகக் கழுவ வேண்டும் என்று டிரைவரிடம் சொன்னார்.