சூலியா மனசுக்குள் ஜெபித்த நாட்கள்

சமோவாவில் எங்கள் ஊர் வீடுகளுக்குச் சுவர் கிடையாது. தூண்கள், மேலே கூரை, மழை வந்தால் இறக்கிவிட ஓலைத் தட்டி, அவ்வளவுதான். யார் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்பது ஊருக்கே தெரியும். இப்படிப்பட்ட ஊரில் சூலியாவுக்கு அப்படி ஒரு குரலை ஆண்டவர் ஏன் கொடுத்தார் என்று அவரையே ஒருநாள் கேட்க வேண்டும்.

சூலியா என் பக்கத்து வீடு. புருஷன் மாதேலு போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளைகள் நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரத்தில். பொழுது சாய்ந்ததும் ஊர் நடுவில் தொங்கும் காலி சிலிண்டரை இரும்பால் அடிப்பார்கள். அதோடு வண்டி நிற்க வேண்டும், நடப்பவர் உட்கார வேண்டும், எல்லா வீட்டிலும் ஜெபம் தொடங்க வேண்டும். சூலியா தனியாகப் பாயில் உட்கார்ந்து முதலில் பாட்டுப் பாடுவாள். தன் பாகத்தைப் பாடி முடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு மாதேலுவின் கட்டைக்குரல் பாகத்தையும் அவளே பாடுவாள். பிறகு ஜெபம். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஜெபத்தில் வீடு வீடாகப் போவாள்.

"ஆண்டவரே, மேற்கு வீட்டு தௌசலா என் கோழியைத் தெரியாம சமைச்சிட்டா. மன்னிச்சிடுங்க. தெரிஞ்சே சமைச்சிருந்தா, அது உங்களுக்கும் அவளுக்கும் உள்ள விவகாரம். கிழக்கு வீட்டு இயோப்பு இன்னிக்கு பஸ்ஸை ஒரு தடவைதான் சாக்கடையில விட்டான். அவன் நேத்து குடிச்சதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லன்னு நம்புறேன்."

இயோப்பு நான்தான். எங்கள் ஊரில் பஸ் ஓட்டுகிறவனும் நான் ஒருத்தன்தான், எனவே மறுக்கவும் வழியில்லை.

உண்மையைச் சொன்னால், ஊரே தன் ஜெபத்தைச் சட்டுப்புட்டென்று முடித்துக்கொண்டு அவள் ஜெபத்துக்குக் காது கொடுக்கும். பாதிரியார் வீட்டிலும் அப்படித்தான். வினை வந்தது ஊர்ச் சபைத் தலைவர் தோமானுவின் இடுப்பு வழியாக.

"ஆண்டவரே, பெரியவரோட இடுப்பு வலியைக் குணமாக்குங்க. தோட்டத்துக்குப் போறேன்னு சொல்லிட்டு பக்கத்து ஊர்ல நாள் முழுக்க காசு வச்சு பிங்கோ ஆடிக்கிட்டு குந்தியிருந்தா, எந்த இடுப்புதான் தாங்கும்?"

தோமானுவின் மனைவிக்கும் காது இருக்கிறது. ஆமென் சொல்வதற்குள் அங்கே பாத்திரம் உருண்டது.

மறுநாளே சபை கூடியது. சூலியாவை நடுவில் உட்கார வைத்தார்கள்.

"ஜெபம் ஆண்டவருக்கா, ஊருக்கா?" என்றார் தோமானு.

"ஆண்டவருக்குத்தான் பெரியவரே. ஊரு குறுக்க உக்காந்திருந்தா நான் என்ன செய்ய?"

"ஆண்டவருக்கு என்ன, காது மந்தமா? இனிமே மனசுக்குள்ள சொல்லு. ஒரு வார்த்தை வெளிய கேட்டுச்சுன்னா உன் பன்னி சபைக்கு."

அவளிடம் இருந்ததே ஒரு பன்றி. அன்று மாலை அவள் வீட்டில் பாட்டு மட்டும் கேட்டது, பிறகு ஒன்றுமில்லை.

நாலைந்து நாள் கழித்து, வேகவைத்த சீமைப்பலாவோடு என் வீட்டுக்கு வந்தாள். முகம் வாடிக் கிடந்தது.

"தம்பி, நீ மனசுக்குள்ள ஜெபம் பண்ணுவியா?"

"பண்ணுவேனே."

"உள்ள பேசுறது யாரு?"

"நான்தான்க்கா."

"குடுத்து வச்சவன். எனக்கு உள்ள ஒரு கூட்டமே இருக்கு. ஒருத்தி ஜெபம் பண்றா. ஒருத்தி அடுப்புல கருகுதான்னு பாக்குறா. இன்னொருத்தி ஓரமா நின்னுக்கிட்டு, 'என்னமா நடிக்கிறா பாரு'ங்கிறா. இதுல எவ சூலியா? ஆண்டவரு எவளுக்குன்னு பதில் சொல்லுவாரு?"

"பாதிரியாரைக் கேட்டீங்களா?"

"கேட்டேன். மனசை அமைதியாக்குன்னாரு. அமைதியானா நான் தூங்கிடுறேனே."

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. கையில் இருந்த பலாத் துண்டைக் கடிக்காமலே தட்டில் வைத்தாள்.

"பன்னி போனா இன்னொன்னு வளத்துக்கலாம். நான் போயிட்டேன் தம்பி. தேடித் தேடிப் பாக்குறேன், உள்ள ஆளக் காணோம்."

பஸ் ஓட்டுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது?

ஊரும் நன்றாக இல்லை. கேட்பதற்கு ஒன்றும் இல்லாததால் அவரவர் ஜெபம் நீண்டுகொண்டே போனது. பிள்ளைகள் நெளிந்தார்கள். தௌசலாவே என்னிடம், "என் பேரைச் சொல்லித் திட்டவாவது ஆள் இருந்துச்சு," என்று புலம்பினாள். தோமானு பிங்கோவுக்குப் போவதை நிறுத்தவில்லை, ஆனால் முன்போல ரசிக்கவில்லை என்று கேள்வி.

அந்த வாரம் சனிக்கிழமை மாலை சிலிண்டர் அடித்தது. சூலியா பாட்டை முடித்தாள். பிறகு, இரண்டு தெரு தள்ளிக் கேட்கும்படியாக, பழைய குரலிலேயே ஆரம்பித்தாள்.

"ஆண்டவரே, நான் சூலியா பேசுறேன். இத்தனை வருஷமா ஊர்க்கதை எல்லாம் சொன்னேன், என் கதையைச் சொல்லல. மாதேலு போனதுல இருந்து இந்த வீட்டுல என் பேரைச் சொல்லிக் கூப்பிட ஆளில்ல. விளக்கை அணைச்சா, நான் இருக்கேனா இல்லையான்னு எனக்கே சந்தேகமா இருக்கு. நான் பேசுறதை ஊரு கேக்குதுன்னு தெரிஞ்சா, இருக்கேன்னு தெரியுது. அதுக்குத்தான் கத்தினேன். உங்களுக்குன்னு சொன்னது பாதி பொய். மன்னிச்சிடுங்க. பன்னியை அவங்க எடுத்துக்கட்டும்."

ஜெப நேரத்தில் கண்ணைத் திறப்பது பாவம். திறந்து பார்த்தேன். ஒவ்வொரு வீட்டிலும் எல்லோரும் கண்ணைத் திறந்து தோமானுவின் வீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தோமானு கண்ணை இறுக மூடியிருந்தார். பிறகு செருமினார். அவர் இவ்வளவு சத்தமாக ஜெபம் பண்ணி நாங்கள் கேட்டதே இல்லை.

"ஆண்டவரே, இன்னிக்கு சூலியா வீட்டுல இருந்து எங்க யாரு காதுலயும் ஒரு வார்த்தை விழல. சூலியா நல்லாருக்கணும். சூலியா விளக்கை அணைச்சிட்டு பயமில்லாம தூங்கணும். சூலியாவை நாளைக்கும் எங்களுக்குக் குடுங்க."

ஆண்டவர் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு சொன்ன பச்சைப் பொய். அதற்கு ஊரில் அத்தனை வீட்டிலிருந்தும் ஆமென் வந்தது.