உப்பு வண்டியின் குரல்

துலுக்கானம் கல்லுப்பைப் படியால் அள்ளிப் பாக்கெட்டில் கொட்டி, மெழுகுவர்த்திச் சுடரில் அதன் வாயை ஒட்டிக்கொண்டிருந்தார். நான் உள்ளே போனபோது வாசலிலிருந்து அவர் குரல் கேட்டது.

"உப்பேய்... கல்லுப்பு, தூளுப்பு, கோலமாவேய்..."

மேனாம்பேட்டில் எல்லோருக்கும் தெரிந்த குரல். மூன்று வருடங்களுக்கு முன் பதிவு செய்து வண்டி ஸ்பீக்கரில் ஏற்றியது. அவருக்குக் குடலிறக்கம் வந்த பிறகு மனைவி பொன்னியம்மாதான் வண்டி தள்ளுகிறாள்.

இருபத்தாறு வருடம் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவள் நான். தெருவில் யாருக்கு ஆபரேஷன் என்றாலும் முந்தின நாள் போய்ப் பார்ப்பேன். துலுக்கானத்துக்கு மறுநாள் ஆபரேஷன்.

"ராத்திரி எத்தனை மணிக்கு மேல சாப்பிடக் கூடாதுன்னு சொன்னாங்க?" என்றேன்.

அவர் வாயைத் திறந்தார். உதடு அசைந்தது, காற்று மட்டும் வந்தது. வாசலில் அவர் குரல் கோலமாவு விற்றுக்கொண்டிருந்தது. பிணங்களைக் குளிப்பாட்டியபோதும் எனக்கு அப்படி மயிர் சிலிர்த்ததில்லை.

எத்தனை நாளாக என்று கேட்டேன். ஐந்து விரலைக் காட்டினார்.

பாயில் மல்லாக்கப் படுக்கச் சொன்னேன். மூச்சை இழுக்கும்போது மெல்லிய விசில் சத்தம். அது அவரிடமிருந்து வருவதாகவே தோன்றவில்லை. பக்கத்தில் இன்னொரு ஆள் படுத்து மூச்சு விடுவது போலிருந்தது. உட்கார வைத்ததும் நின்றுவிட்டது.

அந்நேரம் பொன்னியம்மாவின் போன் அடித்தது. ஆஸ்பத்திரி நர்ஸ். பொன்னியம்மா வாசலில் வண்டியருகே நின்றபடி போனைச் சத்தமாக வைத்துப் பேசினாள்.

"சளி, இருமல் ஒண்ணும் இல்லம்மா. தொண்டையா? நல்லா கீது. கேக்கலியா, அவுருதான் கூவுறாரு."

"உப்பேய்..." என்றது வண்டி. அந்தப் பக்கம் நர்ஸ் சிரித்தது எனக்கே கேட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் பொன்னியம்மா போனை வைத்துவிட்டாள். அதை வாங்கித் திரும்ப அடித்தேன்; யாரும் எடுக்கவில்லை.

"ஏண்டி பொய் சொன்ன?"

"இன்னாக்கா பண்ண சொல்ற? சர்க்கரைன்னு ஒருவாட்டி, பெட்டு இல்லன்னு ஒருவாட்டி தள்ளிட்டானுங்கோ. தொண்டைன்னு சொன்னா மூணாவது வாட்டியும் ஊட்டுக்கு அனுப்புவான். குடலு பிதுங்கிகினு எத்தினி நாளு கெடப்பாரு?"

"மயக்கம் குடுத்து அந்தத் தொண்டை வழியாத்தான் மூச்சுக் குழாய் விடுவாங்க. வழி அடைச்சிருந்தா ஆளே எழுந்திருக்க மாட்டாரு. அப்புறம் ஸ்பீக்கரைத்தான் கட்டிக்கினு அழணும் நீ."

அவள் ஸ்பீக்கரை நிறுத்தினாள். துலுக்கானம் ஒரு கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வண்டியையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, டாக்டரிடம் சொல்லிவிடு என்பதுபோல் தலையாட்டினார்.

சுவரில் தலையணை அடுக்கி, சாய்ந்தபடியே தூங்கச் சொன்னேன். உட்கார்ந்திருக்கும்போதும் விசில் வந்தால் உடனே ஆட்டோ பிடிக்க வேண்டும் என்று பொன்னியம்மாவிடம் இரண்டு தடவை சொன்னேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர்களுடன் போனேன். மயக்க மருந்து டாக்டரிடம் நானே சொன்னேன். அவர் துலுக்கானத்தைப் படுக்க வைத்துக் குனிந்து காதைக் கொடுத்தார்.

"முன்னாடி குரல் எப்படி இருக்கும்?"

பொன்னியம்மா தன் போனிலிருந்த பதிவை ஓட்டினாள். வார்டு முழுவதும் உப்பு விற்றது. டாக்டர் இரண்டாம் முறையும் ஓட்டச் சொல்லிக் கேட்டார். பிறகு ஆபரேஷன் பட்டியலில் துலுக்கானத்தின் பெயர் மேல் கோடு இழுத்து, அன்றைக்கே குரல்வளையைக் கேமரா விட்டுப் பார்க்கச் சீட்டு எழுதினார். பொன்னியம்மா ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்துக்கொண்டாள். நான் சக்கர நாற்காலியைத் தள்ளினேன்.