துரைக்கு ஊற்றிய பால்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் சிரித்துவிட்டுப் போங்கள். ஆவி, அமானுஷ்யம் என்று யாராவது பேச்செடுத்தால், வேறு வேலை இல்லையா என்று எழுந்து போகிற ஆள்தான் நானும். தாராவியில் தோல் பட்டறையில் இருபது வருடமாகக் கட்டிங் வேலை. கண்ணை நம்பித்தான் பிழைப்பு. அன்றைக்கு நான் பார்த்ததும் பட்டப்பகலில், மத்தியானம் மூன்று மணிக்கு.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. துரை என்கிற பூனைதான் எல்லாம். ஒரு மழையில், காது கிழிந்த சாம்பல் குட்டியாகச் சொட்டச் சொட்ட வீட்டுக்குள் வந்தான். என் மனைவி பேச்சி முந்தானையால் துடைத்துவிட்டாள், அவ்வளவுதான், பத்து வருடம் அவள் காலடியை விட்டு நகரவில்லை. நான் வேலை முடிந்து வந்தால் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்வான். எனக்குக் கொஞ்சம் பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்களேன்.

தாராவியில் எங்கள் வீட்டு வரிசையை இடிக்கப் போவதாகச் சொல்லி, செம்பூரில் ஏழாவது மாடியில் வீடு கொடுத்தார்கள். பால் காய்ச்சுகிற அன்றைக்குப் பூனை குறுக்கே வரவே கூடாது என்று என் அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். துரையைச் சாக்கில் போட்டு, தாராவியில் இன்னும் காலி செய்யாத பக்கத்து வீட்டு முருகனிடம் விட்டேன். சாயந்திரம் கூட்டி வந்துவிடுவேன் என்று பேச்சியிடம் சொன்னேன். போகவில்லை. பூனை வீட்டைத்தான் பிடித்துக்கொள்ளும், ஆளை அல்ல என்று ஊரே சொல்கிறதே, இரண்டு நாளில் மறந்துவிடுவான், புது வீட்டில் ரோமமும் நாற்றமுமாக எதற்கு என்று நினைத்துவிட்டேன். அதற்கு என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

"இன்னைக்காவது அவனக் கூட்டியாருவியளா?" என்று தினமும் கேட்பாள்.

"நாளைக்குக் கண்டிப்பா" என்பேன். ட்ரெயினில் கூட்டம் என்பேன், அர்ஜன்ட் ஆர்டர் என்பேன். முருகன் வீடு பட்டறையிலிருந்து இரண்டு சந்து தள்ளித்தான். பேச்சி சரியாகச் சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள் காய்ச்சலில் படுத்துவிட்டாள்.

லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். மாத்திரை கொடுத்து அவளைத் தூங்க வைத்துவிட்டு, டீக்குப் பாலை வைத்துத் திரும்பினால், துரை. அவள் காலைச் சுற்றிச் சுருண்டு படுத்திருந்தான். அதே கிழிந்த காது. கதவு தாழ் போட்டிருந்தது, ஜன்னலில் கம்பிவலை, அதெல்லாம் பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த நேரத்தில் சந்தோஷம்தான் வந்தது, எப்படியோ வழி கண்டுபிடித்து வந்துவிட்டானே பயல் என்று. பாலை ஆற்றிக் கிண்ணத்தில் ஊற்றினேன். நக்கிக் குடிக்கிற சத்தம்கூடக் கேட்டது.

"மன்னிச்சிருடே" என்றேன். பூனையிடம் போய் மன்னிப்பா என்று கேட்காதீர்கள், தானாக வாயில் வந்தது.

போன் அடித்தது. பேச்சி எழுந்துவிடக் கூடாதே என்று வெளியே போய் எடுத்தேன். முருகன்தான்.

"அண்ணாச்சி, துரை காலையிலயே போயிட்டான். அஞ்சு நாளா உங்க பழைய வாசல்லதான் கெடந்தான், வச்ச சோத்தத் தொடவே இல்ல. இப்பந்தான் தண்டவாளத்து ஓரமாப் பொதச்சிட்டு வாரேன்."

உள்ளே ஓடினேன். பேச்சி மட்டும் படுத்திருந்தாள். கிண்ணத்தில் ஒரு சொட்டுப் பால் இல்லை.

சாயந்திரம் காய்ச்சல் விட்டு எழுந்து, பசிக்கிறது என்றாள். எப்படியாவது சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன், சொல்லாமலே சோறு போட எழுந்துவிட்டேன். அவளும் கேட்கவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, இந்த இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட துரை எங்கே என்று அவள் கேட்டதில்லை. முருகனிடம் விசாரித்தேன், அவன் அவளிடம் எதுவும் சொல்லவில்லை என்று சத்தியம் செய்கிறான்.

ஆனால் மீன் எடுக்கிற நாளில், பத்து வருடமாகத் துரைக்கென்று ஒதுக்கி வைத்த தலையை இப்போது என் தட்டில் வைக்கிறாள். நான் தின்று முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.