வில்லனுக்கும் நல்ல வசனம் எழுதிய திருவேங்கடம்

செவிலிமேட்டில் டவுன் பஸ் ஏறினேன். கண்டக்டர் மாசிலாமணி எனக்கு டிக்கெட் கிழிக்கவில்லை. வாயிலிருந்த விசிலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "ராஜா, நம்ம திருவேங்கடம் அண்ணாத்த பூட்டாருபா. விடியக்காலம்," என்றான். பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அந்தக் கணத்தில் காஞ்சிபுரத்தின் அத்தனை கோபுரங்களும் ஒரு முழம் கீழே இறங்கியதை நான் என் கண்ணால் பார்த்தேன். 'ராஜா' என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பிய பயணிகளோ, வேட்டி நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு வாடகை சைக்கிள் கடைக்காரனைத்தான் பார்த்தார்கள்.

ராஜா என்பது என் பெயரல்ல, பதவி. திருவேங்கடம் அண்ணன் எழுதிய நாடகங்கள் அத்தனையிலும் நான்தான் அரசன். உடம்பு அப்படி, குரல் அதைவிட அப்படி. நான் "யாரங்கே!" என்றால் தாமல் ஏரியில் நீர்க்கோழிகள் எழும்பிப் பறக்கும் என்று சொல்வார்கள். சொன்னது பெரும்பாலும் நான்தான் என்றாலும், யாரும் மறுத்ததில்லை.

அண்ணனை அறிந்தவர்கள் படிக்கப்போகிற இந்த நினைவு மலரில் அவரை அறிமுகப்படுத்துவது அதிகப்பிரசங்கித்தனம். இருந்தாலும் இளையவர்களுக்காகச் சொல்கிறேன். திருப்புட்குழியில் நிலமும் மாடும் வைத்திருந்த குடும்பம். பயிர் அவருக்குக் கைவரவில்லை, தட்டச்சு வந்தது. கோர்ட்டில் தட்டச்சர் ஆனார். வாரத்தில் ஆறு நாள் தீர்ப்புகளைத் தட்டுவார். ஏழாம் நாள் என் கடைக்குப் பின்னால், பஞ்சரான டியூப்களுக்கு நடுவே உட்கார்ந்து எங்களுக்கு ஒத்திகை நடத்துவார். எல்லா நாடகமும் ஒரே விஷயம்தான்: ஒருவனுக்கு அநியாயம் நடக்கும், ராஜாவிடம் வழக்கு வரும்.

விசித்திரம் என்னவென்றால், தீர்ப்பை மட்டும் அவர் எழுதவே மாட்டார். இரண்டு பக்கத்து வசனமும் கச்சிதமாக இருக்கும். ராஜா எழுந்து நிற்பான். அதற்குக் கீழே வெள்ளைத் தாள். மேடையில் கேட்டதை வைத்து அன்றைக்கு எனக்கு என்ன தோன்றுகிறதோ அதுதான் தீர்ப்பு. முதல் தடவை நான் பதறிப்போய், "இன்னாண்ணா இது, முடிவே இல்ல?" என்று கேட்டேன். அவர் சொன்னார்: "நாளெல்லாம் தீர்ப்புதான்டா தட்டிக்கினு இருக்கிறேன். அதுல ஜெயிச்சவன் பேரு இருக்கும், தோத்தவன் பேரு இருக்கும். தோத்தவன் அன்னிக்கு ஊட்டுக்குப் போயி சாப்பிட்டானா, அது இருக்காது. அந்த இலாகாதான் நம்முளுது."

இலக்கியம் நீதியை எப்படிப் பேசுகிறது என்று பெரிய மண்டபங்களில் மாலை போட்டுக்கொண்டு நிறையப் பேர் முழங்கக் கேட்டிருக்கிறேன். அந்த இலாகா விவகாரத்தை இத்தனை சுருக்கமாக எவரும் சொன்னதில்லை.

ஒரு நாடகத்தில் மாட்டுத் திருடன் ஒருவன் வருவான். அண்ணன் அவனுக்கு ஒரு அம்மாவை எழுதிவைத்தார். கண் தெரியாத அம்மா. மகன் கொண்டுவந்த பாலைக் குடித்துவிட்டு, "நம்ம பசு நல்லா கறக்குதுடா," என்பாள். அவ்வளவுதான் அவளுக்கு வசனம். அன்று நான் அந்தத் திருடனுக்குத் தூக்கு கொடுப்பதாக இருந்தேன். வாய் வரவில்லை. "மாட்டுக்காரனே, தினம் ஒரு செம்பு பால் கொடுத்தனுப்பு," என்று சொல்லிவிட்டேன். மாட்டுக்காரனாக நடித்த மாசிலாமணி மேடையிலேயே, "நல்ல கதையா இருக்குதே! மாடும் போச்சு, பாலும் போச்சா?" என்று கத்தினான். அது எழுதாத வசனம். அண்ணன் திரைக்குப் பின்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அவன் கேட்டதும் ஞாயம்தானேடா?" என்றார்.

இனி ஏழுமலையின் விஷயத்துக்கு வருகிறேன். அண்ணனைப் பற்றி எழுதிவிட்டு இதை விட்டால் நான் மனுஷனே இல்லை.

ஏழுமலை தறிக்காரர். எங்கள் குழுவில் திரை இழுப்பவரும் அவர்தான். அறுபதுகளின் கடைசி. அவருக்குப் பட்டும் சரிகையும் கொடுத்து நெய்யவைத்த முதலாளி கன்னியப்பனின் கடையில் ஒரு சரிகைக் கட்டு காணாமல் போனது. அன்று கடைக்கு வந்துபோனவர் ஏழுமலை. "வேற எவன் எடுத்திருப்பான்?" என்றார் கன்னியப்பன். அந்தக் கேள்வியே தீர்ப்பாகிவிட்டது. போலீஸும் இல்லை, பஞ்சாயத்தும் இல்லை. தறியில் ஏற்றப் பாவு நூல் கொடுப்பதை நிறுத்திவிட்டார். எங்கள் ஊரில் ஒரு முதலாளி நிறுத்தினால் மற்றவர்களும் நிறுத்துவார்கள். ஏழுமலையின் தறி வெறும் மரமாக நின்றது. அவர் மனைவி தனம் தாமலுக்கு நடவு வேலைக்குப் போகத் தொடங்கினாள்.

அண்ணனுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவர் நாடகம் எழுதுவார். பாலாற்றில் ஓடம் விடும் ஒருவன் மீது ஒரு வணிகன் மிளகு மூட்டைத் திருட்டைச் சுமத்துகிறான், இதுதான் கதை. மணல் மட்டுமே ஓடும் பாலாற்றில் ஓடம்! எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய கற்பனையை எவனும் செய்ததில்லை. ஆனால் ஓடக்காரன் யார், வணிகன் யார் என்பது பள்ளிக்கூட மைதானத்தில் உட்கார்ந்திருந்த கைக்குழந்தைக்கும் தெரிந்தது. வணிகனாக வந்த மாசிலாமணிக்குத் தொப்பையில் தலையணை, கை நிறைய மோதிரம், வாய் நிறைய வெற்றிலை. வரிக்கு வரி கூட்டத்தில் சிரிப்பு. முன்வரிசையில் நிஜக் கன்னியப்பன்.

நான் சிம்மாசனத்திலிருந்து எழுந்தேன். வணிகனை மொட்டையடித்துக் கழுதைமேல் ஏற்றி நான்கு ராஜ வீதிகளிலும் சுற்றச் சொல்லித் தீர்ப்பு வழங்கினேன். கைதட்டல் தூறல் மாதிரி அல்ல, வடகிழக்குப் பருவமழை மாதிரி வந்தது. அரக்கோணத்தில் ரயில் நின்றதாகக் கேள்வி. கன்னியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

மறுநாள் காலை தனம் என் கடைக்கு வந்தாள். அண்ணனும் இருந்தார்.

"நல்லா கைதட்டுனாங்கண்ணா," என்றாள். "எங்க ஊட்டுக்காரரு கயிறு இழுத்துக்கினு அங்கியே நிக்கிறாரு. இவரு சொல்லிக் குடுத்துத்தான் நாடகம் போட்டாங்கன்னு முதலாளி ஊரெல்லாம் சொல்லிட்டாரு. பெரிய தெருவுல ஒருத்தரு பாவு தர்றேன்னு மனசு எறங்கியிருந்தாரு. அவரும் இப்ப மாட்டேன்னுட்டாரு. எங்க ஊட்டுக்காரருக்கு ரெண்டாவது தபா தண்டனை குடுத்துட்டீங்க."

அவள் போனபிறகு நான், "தீர்ப்பு சரிதானேண்ணா?" என்றேன். சரிதான் என்றே இன்றைக்கும் சொல்வேன். அண்ணன் தலையை ஆட்டினார். "தீர்ப்பு கெடக்குது. அந்த வணிகனை நான் கோமாளியா எழுதிட்டேன்டா. கோமாளியைப் பார்த்து எவனாவது 'இது நான்'னு சொல்லுவானா? எழுந்துதான் போவான். திருடனுக்கு அம்மா எழுதின எனக்கு, முதலாளிக்கு ஒரு மனசு எழுதத் தெரியல."

அவர் வணிகன் பாகம் முழுவதையும் கிழித்துப்போட்டு மறுபடி எழுதினார். பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு கன்னியப்பன் கடைக்குப் போனார். செருப்படி நிச்சயம் என்று நான் வாசல் பக்கமாகவே நின்றேன்.

"முதலாளி, போன தபா ராஜா சரியில்ல," என்றார் அண்ணன், என்னை வைத்துக்கொண்டே. "இந்தத் தபா நீங்க ராஜாவா ஒக்காருங்க."

கன்னியப்பன் கண்ணாடியைக் கழற்றினார். "நான் சொல்றதுதான் தீர்ப்பா?"

"நீங்க சொல்றதுதான். நான் ஒரு எழுத்துகூட எழுதமாட்டேன்."

"ஓடக்காரனுக்குச் சவுக்கடின்னு சொன்னா?"

"சவுக்கு நான் வாங்கியாறேன் முதலாளி."

இப்படியாக என் சாம்ராஜ்யம் ஒரு காலைப்பொழுதில் கவிழ்ந்தது. ஈட்டி பிடித்த காவலனாக அதே சிம்மாசனத்தின் பக்கத்தில் நின்றேன். கிரீடம் வேறு அவருக்கு என்னைவிடப் பொருத்தமாக இருந்தது.

இந்த முறை மாசிலாமணிக்குத் தலையணை இல்லை, மோதிரம் இல்லை. வணிகன் தன் அப்பாவைப் பற்றிப் பேசினான். எல்லோரையும் நம்பி, எல்லோரிடமும் ஏமாந்து, ஊர் சிரிக்கச் செத்துப்போன அப்பா. கன்னியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பக்கத்தில் நின்ற நான் பார்த்தேன். பிறகு ஓடக்காரன் பேசினான். மிளகைத் தொடவில்லை என்றான். ராஜா விசாரிக்க வேண்டிய இடம் வந்தது.

"நீ பார்த்தியாபா, அவன் எடுத்ததை?" என்று கன்னியப்பன் வணிகனைக் கேட்டார். ராஜபாஷை ஒன்றும் இல்லை, கடையில் பேசுவது போலவே கேட்டார்.

"பார்க்கவில்லை மகாராஜா," என்றான் மாசிலாமணி. "நானும் என் அப்பாவைப்போல ஏமாந்தவன் என்று ஊர் சொல்லிவிடக் கூடாது. அதற்கு யாராவது ஒருவன் திருடனாக வேண்டியிருந்தது."

கூட்டத்தில் யாரோ, "தீர்ப்பு சொல்லு முதலாளி!" என்றார்கள். வேறு யாரோ, "உஸ்," என்றார்கள். கன்னியப்பன் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அட்டைக் கிரீடம்தான், ஆனால் கனமான எதையோ இறக்கிவைப்பதுபோல இரண்டு கையாலும் இறக்கினார்.

"தெரியலபா," என்றார். "எனக்குத் தெரியல. தெரியாம எப்படி ஒருத்தன் பொழப்ப நிறுத்தறது?"

திரை விழ வேண்டும். விழவில்லை. ஓரத்தில் ஏழுமலை கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றுகொண்டிருந்தார். அண்ணன் போய் அவர் கையின்மேல் தன் கையை வைத்தார்; இருவருமாகச் சேர்ந்து இழுத்தார்கள்.

அந்த வாரமே ஏழுமலை வீட்டுக்குப் பாவு வந்தது. மன்னிப்பு வரவில்லை. சரிகைக் கட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. நான் ஊரெல்லாம் வெற்றி முரசு கொட்டிக்கொண்டு திரிந்தபோது, ஏழுமலை, அண்ணனிடம் சொன்னார்: "நான் எடுக்கலன்னு அவரு சொல்லலியேண்ணா. தெரியலன்னுதானே சொன்னாரு. எனக்கு அது பத்தல."

வேறு எழுத்தாளனாக இருந்தால் கோபித்துக்கொண்டிருப்பான், அல்லது தேற்றியிருப்பான். அண்ணன், "பத்தாதுதான் ஏழுமலை," என்றார். "'தெரியும்'னு சொன்னவனை 'தெரியல'ன்னு சொல்லவெக்கிற வரைக்கும்தான் என் கதை வந்துச்சு. அதுக்கு மேல அதுக்குக் காலு இல்ல." அதற்குப் பிறகு எவ்வளவோ பேர் கேட்டும் அந்த நாடகத்தை அவர் போடவே இல்லை.

அண்ணனின் இறுதி ஊர்வலத்துக்குக் கன்னியப்பன் ரிக்‌ஷாவில் வந்தார். இப்போது தடியூன்றித்தான் நடக்கிறார். ஏழுமலைக்குப் பக்கத்தில் போய் நின்றார். நானும் மாசிலாமணியும் ஒருவர் கையை ஒருவர் கிள்ளிக்கொண்டோம்; இதோ, 'நீ எடுக்கல' என்று சொல்லிவிடுவார் என்று காத்திருந்தோம். அவர் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். மாலையைப் போட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.

அவர் போனதும் மாசிலாமணி பொறுக்கமாட்டாமல் கேட்டான்: "இத்தினி வருஷமா இவருகிட்டியே கயிறு இழுத்துக்கினு கெடந்தியே ஏழுமலை, இன்னா கண்ட? பேரு இன்னும் முழுசா திரும்பலியே?"

ஏழுமலை, கிடத்தியிருந்த அண்ணனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சரிகை காணோம்னு ஆனப்ப ஊர்ல அத்தினி பேரும் எங்கிட்ட, 'நீ எடுத்தியா, எடுக்கலியா'ன்னு கேட்டாங்க. சொந்த மச்சான் கேட்டான். இவரு ஒருத்தர்தான், 'உனக்கு இன்னா ஆச்சு ஏழுமலை, சொல்லு'ன்னு கேட்டாரு."

அண்ணனின் நாடகங்கள் யாரிடமோ இருக்கின்றன, தட்டச்சு இயந்திரம் கோர்ட்டுடையது. நான் எடுத்துக்கொண்டது அந்த ஒரு கேள்வியை. போன வாரம், வாடகைக்கு எடுத்துப்போன ஒருவர் என் புது ஹெர்குலஸ் சைக்கிளின் முன்சக்கரத்தை எட்டுப்போல வளைத்துக் கொண்டுவந்து நிறுத்தினார். ராஜ கர்ஜனைக்காக வாயைத் திறந்தேன். வந்தது வேறு: "உனக்கு இன்னாபா ஆச்சு?" அவர் வேட்டியை மெதுவாகத் தூக்கி, தோல் வழன்று ரத்தம் கட்டியிருந்த முழங்காலைக் காட்டினார்.