காதுக்கு இரண்டு சிட்டிகைப் பஞ்சு

கோயமுத்தூரில் அந்த நாளில் தெருவில் நடந்தால் வேட்டியில் பஞ்சு ஒட்டும். காப்பி டம்ளரில் பஞ்சு மிதக்கும். தும்மினால் பஞ்சு வரும். அப்படிப்பட்ட ஊரில் ஞாயிற்றுக்கிழமை தோறும் துப்பாக்கி பிடித்த எட்டுப் பெரிய மனிதர்கள், காதில் வைக்க இரண்டு சிட்டிகைப் பஞ்சு இல்லாமல் செவிடாகிக்கொண்டிருந்தோம். பெரிய மனிதர்கள் ஏழு பேர்தான். எட்டாவது ஆள் நான்.

பஞ்சு இல்லாமல் இல்லை. எங்கள் துப்பாக்கிக் கூட்டத்துத் தலைவருக்கே சொந்தமாகப் பஞ்சு அரவை ஆலை இருந்தது. சங்கதி வேறு. எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவள்தான் காதில் பஞ்சு வைப்பாள். குளிர் புகாமல் இருக்கப் பஞ்சை அடைத்து, மேலே ஒரு துணியையும் சுற்றிக்கொண்டு, காரம் தொடாமல் ஒரு மாதம் உட்கார்ந்திருப்பாள். ஆகவே மீசை வைத்தவன் காதில் பஞ்சு வைக்கக்கூடாது. யாரும் எழுதி வைக்காத இந்தச் சட்டத்தை நாங்கள் எட்டுப் பேரும் உயிரைப் போலக் காத்தோம். காதைத்தான் காக்கவில்லை.

எனக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஒன்றும் இல்லை. மலையிலிருந்து மின்சாரம் இறங்கிவந்து கிணறுகளுக்குள் புகுந்த புதிது அது. பீளமேட்டில் ஒரு மோட்டார் கடையில் நான் மெக்கானிக். மோட்டார் ஓடும்போது திருப்புளியின் முனையை பேரிங் மேல் ஊன்றி, பிடியை இடக் காதில் வைத்து, கண்ணை மூடுவேன். உள்ளே குண்டுகள் உருளும் சத்தத்தை வைத்து, இது இன்னும் ஆறு மாதம் ஓடும், இது பத்து நாள் தாங்காது என்று சொல்வேன். சொன்னால் சொன்னதுதான். நான் படித்த பரீட்சை, வாங்கிய பட்டம் எல்லாம் அந்த இடக் காதுதான்.

தலைவராகிய அந்த ஆலை முதலாளியின் தோட்டத்துக் கிணற்று மோட்டாரை அப்படித்தான் ஒரு நாள் கேட்டுச் சரிசெய்தேன். அவர் குளிர்ந்துபோய், “ஏனுங்க மெக்கானிக், ஞாயித்துக்கெழமெ சும்மாதானே இருக்கறீங்க? கலயம் சுட வாங்க. துப்பாக்கி நான் தாரேன்” என்றார். பெரிய மனிதர்களின் பொழுதுபோக்கில் எனக்கும் ஓர் இடம். அன்று வீட்டுக்கு வந்தவன் தரையில் கால் பாவி நடந்ததாக நினைவில்லை.

துப்பாக்கி அவருடையது, தோட்டா அவருடையது. என் பங்குக்கு எதையாவது வாங்கியே ஆக வேண்டும் என்று தோன்றியது. கண்ணுக்குக் கண்ணாடி வாங்கக் கடைவீதிக்குப் போனேன்.

பட்டறையில் என் ஆணியில் ஒரு கண்ணாடி தொங்கிக்கொண்டுதான் இருந்தது. சாணைக்கல் முன்னால் போடுவது. தடித்த கண்ணாடி, இரண்டு பக்கமும் கம்பி வலை, பின்னால் இழுத்துக் கட்ட ஒரு நாடா. தீப்பொறி எத்தனையோ அதில் பட்டுச் செத்திருக்கிறது. ஆனால் அதைப் போட்டால் நான் தவளை மாதிரி இருப்பேன். போடாவிட்டாலும் கொஞ்சம் அப்படித்தான் என்று மனைவி சொல்வாள். அது தனி விஷயம்.

கடைக்காரர் கேட்டார்: “எதுக்குங்க கண்ணாடி? வெயிலுக்குங்களா, மோட்டார் ஓட்டவா?”

“துப்பாக்கி சுடறதுக்குங்க.”

அவர் என் சட்டையின் கிழிந்த முழங்கையைப் பார்த்தார். “அப்படீன்னா கறுப்புத்தானுங்க. தொரைமாரெல்லாம் கறுப்புத்தான் போடறாங்க.”

“எதாச்சும் பட்டாத் தாங்குமுங்களா?”

“ஏனுங்க படோணும்? நீங்கதானே சுடப்போறீங்க?”

கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக் கடைக் கண்ணாடியில் பார்த்தேன். உள்ளே ஒரு ஜமீன்தார் நின்றுகொண்டிருந்தார். வாங்கிவிட்டேன்.

ஊருக்கு வெளியே கைவிட்ட கல்லுக்குழி ஒன்றுதான் எங்கள் மைதானம். செங்குத்தான பாறைக்கு முன்னால் வரிசையாகக் கலயங்களை வைத்து, முப்பது அடி தள்ளி நின்று சுடுவோம். பின்னால் பாறை இருந்தால் துப்பாக்கி ரவை வெளியே போகாது என்று இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் எங்கள் கூட்டத்து வக்கீல். வெளியே போகாத ரவை எங்கே போகும் என்று அந்த மூளையிடம் யாரும் கேட்கவில்லை.

கலயம் வைப்பதற்கு ஓர் ஆள் உண்டு. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அதே குழியில் பத்து வருஷம் வெடி வைத்தவர். அவர் மட்டும் காதில் எதையோ அடைத்து, மேலே துண்டை இறுக்கிச் சுற்றியிருந்தார்.

“ஏனப்பா, என்ன கொழந்தெ? ஆணா பொண்ணா?” என்றார் தலைவர். வாராவாரம் கேட்பாராம். எல்லோரும் வாராவாரம் சிரிப்பார்களாம். நானும் சிரித்தேன். முதல் நாள் என்பதால் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. என் அருகில் வந்தபோது மடியிலிருந்து ஓர் உருண்டையை எடுத்துக் காட்டினார். பஞ்சும் தேன்மெழுகும் சேர்த்துப் பிசைந்தது.

“வெச்சுக்கறீங்களா? துப்பாக்கி வலத் தோள்ல இருந்தாச் சத்தமெல்லாம் எடக் காதுக்குத்தானுங்க போவும்.”

“எனக்கெதுக்குங்க?” என்றேன், ஜமீன்தார் குரலில்.

“எனக்கொண்ணுமில்லீங்க. என்ற காது ஒண்ணெ இந்தக் குழிக்கே குடுத்துப்போட்டேன். மிச்சம் இருக்கறது இன்னொண்ணு. உங்களுக்கு ரெண்டு இருக்குது, தாராளமாச் செலவு பண்ணுங்க.”

நான் ஏழு தோட்டா சுட்டேன். ஒரு கலயமும் உடையவில்லை. வானம் மூட்டமாக இருந்தது. கறுப்புக் கண்ணாடிக்குள்ளே கலயமும் பாறையும் ஒரே இருட்டு. கண்ணைக் காப்பாற்ற வாங்கிய சாமான் என் கண்ணை முழுதாக அவித்து வைத்திருந்தது. போதாக்குறைக்கு, சத்தத்துக்குப் பயந்து விசையை இழுக்கும் முன்பே நான் கண்ணை மூடிக்கொண்டேன். இரட்டைப் பாதுகாப்பு.

சுட்டு முடித்த பிறகு காதுக்குள் சில்வண்டு கத்தும். வக்கீல் அதற்கும் விளக்கம் வைத்திருந்தார். “பழகப் பழகக் காது கெட்டிப்படுமுங்க. கையில காப்புக் காய்க்கறாப்பல.” காரில் திரும்பும்போது யாருக்கு அதிகம் இரைகிறது என்று போட்டி நடக்கும். “எனக்குப் போன ஞாயித்துக்கெழமெ இருந்து நிக்கலீங்க” என்பார் ஒருவர். மற்றவர்கள் அவரை மரியாதையாகப் பார்ப்பார்கள். நானும் என் சில்வண்டைப் பதக்கம் போல மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மூன்றாவது ஞாயிறு, வெளியே போகாத ரவைகளில் ஒன்று பாறையில் பட்டுத் திரும்பி வந்தது. டிக் என்று ஒரு சத்தம். என் கறுப்புக் கண்ணாடியின் வலப்பக்கம் நட்சத்திரமாக விரிசல் விட்டது. கண்ணுக்கு ஒன்றும் இல்லை. வேகம் குறைந்து வந்த ரவை, அவ்வளவுதான். அடுத்த வாரம் ஜமீன்தார் வரவில்லை, தவளை வந்தது. சிரித்தார்கள். ஆனால் தவளைக் கண்ணாடி ஆம்பிளைச் சாமான் என்பதால் இரண்டு வாரத்தில் விட்டுவிட்டார்கள். கண்ணுக்கு வந்த புத்தி ஒரு சாண் தள்ளியிருந்த காதுக்கு எட்டவில்லை. அங்கேதான் சட்டம் குறுக்கே நின்றது.

அந்த மாதம் காங்கேயம் போகும் வழியில் ஒரு தோட்டத்து மோட்டாரைப் பார்க்கப் போனேன். திருப்புளியை ஊன்றினேன், கண்ணை மூடினேன். அமைதி. இத்தனை சுத்தமான பேரிங்கை நான் கேட்டதே இல்லை என்று மகிழ்ந்துபோய், “ஒரு வருசத்துக்குத் தொட வேண்டாமுங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒன்பதாம் நாள் பேரிங் சிக்கி மோட்டார் கருகியது. புகையிலைப் பயிர் தண்ணீரில்லாமல் தலை தொங்கிய செய்தி எனக்கு முன்னாலேயே கடைக்கு வந்து உட்கார்ந்திருந்தது.

கடை முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கேட்கிறது என்றாவது தெரிந்திருக்கும். “காதுக்காகத்தான் உங்கள வெச்சிருக்கறேன். அது இல்லீன்னா வாசல்ல தண்ணி தெளிக்கச் சொல்லட்டுங்களா? ஒரு மாசம் பாக்கறேன்” என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். எங்கள் இரண்டாவது பெண் பிறந்து இருபது நாள். காதில் பஞ்சும் தலையில் கட்டுமாக உட்கார்ந்திருந்தவள், “ரெண்டு வாரமா நானும் பாக்கறேனுங்க. எடப்பக்கம் கொழந்தெ அழுதா அது ஏதோ அடுத்தூட்டுக் கொழந்தென்னு உக்காந்திருக்கறீங்க” என்றாள். என்னைத் திரும்பி உட்காரச் சொன்னாள். கிலுகிலுப்பையை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

“ஆட்டறேன். கேட்டாக் கையெத் தூக்குங்க.”

வலக் காதுக்குச் சுவர் வரை போய் ஆட்டினாளாம், கை தூக்கினேன். இடக் காதுக்கு ஒவ்வோர் அடியாக நெருங்கி வந்து, கிலுகிலுப்பை என் தோளில் இடித்த பிறகுதான் கை தூக்கினேன்.

அவள் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாகிவிட்டது. தன் காதிலிருந்த பஞ்சை எடுத்து என் முன்னால் வைத்தாள். “நான் புள்ளெ பெத்ததுக்கு வெச்சிருக்கறேன். நீங்க என்ன பெத்தீங்கன்னு வெக்காம இருந்தீங்க?”

ஒரு மாதம் குழிப் பக்கம் போகவில்லை. தினமும் காலையில் கிலுகிலுப்பைப் பரீட்சை. முதல் வாரம் தோள். இரண்டாம் வாரம் ஓரடி. மூன்றாம் வாரம் மூன்றடி. அங்கேயே நின்றுவிட்டது, சில்வண்டும் நிற்கவில்லை. மாதக் கடைசியில் கடை முதலாளி பழைய மோட்டார் ஒன்றை ஓடவிட்டு எதிரே கை கட்டி நின்றார். இடக் காதில் திருப்புளியை வைத்தேன். சில்வண்டுக்குப் பின்னால், வெகு தூரத்தில், மணலை மெல்லுவது போல ஏதோ ஒன்று. நிச்சயமில்லை. வெட்கத்தை விட்டு வலக் காதுக்கு மாற்றினேன். மணல்தான்.

“பத்து நாள் தாங்காதுங்க.”

பிரித்துப் பார்த்தார்கள். ஒரு குண்டு சிதைந்திருந்தது. வேலை தங்கியது. அன்று முதல் நான் வலக் காது மெக்கானிக்.

அதற்கடுத்த ஞாயிறு மறுபடியும் குழிக்குப் போனேன். ஏன் போனாய் என்று கேட்காதீர்கள். பெரிய மனிதர்களின் கார் வந்து வாசலில் நின்றால் நான் ஏறிவிடுவேன், இன்றும் அப்படித்தான். இந்தத் தடவை கலயக்காரர் பிசைந்து கொடுத்த மெழுகுப் பஞ்சு காதில், அதன் மேல் துண்டு, அதன் மேல் தவளைக் கண்ணாடி.

தலைவர் சொன்னது துண்டைத் தாண்டி லேசாகத்தான் வந்தது. ஆனால் அவர் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுதானே.

“பொண்ணுங்க. தாயும் சேயும் சொகமா இருக்கறோம்” என்றேன்.

ஏழு பேரும் சிரித்தார்கள். நான் சுட்டேன். சத்தம் உதைக்காததால் கண் மூடவில்லை. கண் மூடாததால் கலயம் தெரிந்தது. ஏழில் ஐந்து உடைந்தது. சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. வக்கீல் என் துப்பாக்கியை வாங்கி, அதில் ஏதாவது விசேஷம் இருக்கிறதா என்று குழல் வழியாகப் பார்த்தார்.

மறு வாரம் தலைவர் என்னைக் காருக்குப் பின்னால் கூப்பிட்டார். சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டார். “அந்த மெழுகுச் சமாச்சாரம்... எங்கீங்க கெடைக்குது?”

மூட்டை மூட்டையாகப் பஞ்சு அரைக்கிற மனிதர். நான் கலயக்காரரைக் கை காட்டினேன். தலைவர் வேறு எதற்கோ போவது போலச் சுற்றி வளைத்துப் போய் அவர் எதிரில் கையை நீட்டினார். கலயக்காரர் மடியிலிருந்து இரண்டு உருண்டைகளை எடுத்தார். ஊதித் துடைத்து, முகத்தில் ஒரு கோடு அசையாமல், இரண்டு கையாலும் கொடுத்தார்.

“ஒரு மாசத்துக்குக் காரம் மட்டும் ஆகாதுங்க” என்றார்.

தலைவர் சிரிக்கவில்லை. பஞ்சை மட்டும் வாங்கிக்கொண்டார்.